கயிறு கட்டியவள்

காட்டில் இயற்கையோடு கலக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, போனுக்குச் சார்ஜ் போடும் இடம் எங்கே என்றுதான். அடுத்த கேள்வி கழிவறை. அதற்கும் அடுத்தது, இங்கே குரங்கு கடிக்குமா. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. இயற்கைக்கு நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இடம் கிடைக்கும், அதுவும் சிக்னல் இல்லாவிட்டால்.

குறையாகச் சொல்லவில்லை, மேடம். பூங்காவைப் பற்றிச் சொல் என்றீர்கள், சொல்கிறேன். விபத்து என்று எழுதி முடித்து வழக்கை மூடப்போகிற நேரத்தில், யாரும் கூப்பிடாமல் நானாக வந்து எதிரே உட்கார்ந்திருப்பது உங்களுக்கு எரிச்சல்தான். புரிகிறது. பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு தகவல் தப்பாக இருக்கிறது. தப்பான தகவலைப் பார்த்துவிட்டுச் சும்மா போக எனக்கு வராது. படித்த படிப்பு அப்படி.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். நான் வனவியல் படித்தேன். அதைச் சொன்னதும் உறவுக்காரர் ஒருவர், காட்டைப் படிக்க கல்லூரி எதற்கு, ஆடு மேய்த்தால் போதாதா என்று கேட்டார். பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்தபின் அவரைப் பார்த்து நல்லதாக ஒரு பதில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். வேலையில் சேர்ந்தபின், ஆடு மேய்ப்பதே மேல் என்று தோன்றியது. ஆடு சோப்பு கேட்காது.

வேலையின் பெயர் இயற்கை வழிகாட்டி. நியமனத் தாளில் அப்படித்தான் இருந்தது. சவுக்குத் தோப்புக்குள் மரப்பலகை மேடை போட்டு, ஒவ்வொரு மேடைக்கும் ஒரு கூடாரம். நான் கூடாரத்துக்கு முளை அடிப்பேன். குரங்கு தூக்கிப்போன சோப்புக்கு மாற்றுச் சோப்பு கொடுப்பேன். உப்பங்கழியில் துடுப்புப் படகு ஓட்டிவிட்டு வந்தவர்களுக்குத் துண்டு நீட்டுவேன். அதற்கிடையே நேரம் இருந்தால், யாராவது கேட்டால், இயற்கைக்கு வழிகாட்டுவேன். யாரும் கேட்டதில்லை.

கேட்காவிட்டாலும் நான் என் கடமையைச் செய்தேன். காட்டுப் பாதையில் உள்ள மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதி மாட்டினேன். மரத்தின் பெயர், குடும்பம், இலை அடுக்கு, பூக்கும் காலம். ஒரு விடுமுறையைக்கூட எடுக்காமல் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. விருந்தினர்கள் அவற்றை மிகவும் விரும்பினார்கள். ஈரத் துணி காயப்போட வசதியாக இருந்தது.

இனி என் தங்கை. உங்களுக்கு அவளைப் பற்றித்தானே தெரியவேண்டும்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். குறும்புக்காக வந்த பெயர் இல்லை. நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருவாள், அதனால். பள்ளிக்கூடம் போகும்போது என் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள். "நான் பாக்கமாட்டேன், நீதான் கூட்டிட்டுப் போகணும்" என்பாள். அது அவளுக்கு விளையாட்டு. எனக்குப் புத்தகப் பை, சாப்பாட்டுப் பை, பின்னால் ஒரு குருட்டுப் பொதி. ஒருநாள் தெருமுனைச் சாக்கடையை ஒட்டி நேராக நடந்தேன். அவள் மட்டும் உள்ளே போனாள். முழங்கால்வரை சேறு. அம்மா விளக்குமாற்றோடு வந்து கேட்டபோது, "நான்தாம்மா கண்ணைத் தொறந்துட்டு குதிச்சேன்" என்று சொல்லி அடியை வாங்கிக்கொண்டாள். எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது, இவளுக்கு நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியாது என்று.

படிப்பு அவளுக்கு ஏறவில்லை. பத்தாவதோடு நின்று, துணிக்கடையில் வாடிக்கையாளர்கள் கலைத்துப் போடுவதை மடித்துவைக்கும் வேலைக்குப் போனாள். நான் கல்லூரியில் சேர்ந்ததும் அதே வருஷம். அம்மா இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, சின்னவள் நின்றதால்தான் பெரியவள் படித்தாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தாள். அம்மாவுக்குக் கதை கட்டுவது கைவந்த கலை. வாலு கணக்கில் தேறவில்லை, அதனால் நின்றாள். அவள் கணக்குப் பரீட்சைக்கே போகவில்லை என்பது வேறு விஷயம்.

அவளைப் பூங்காவில் சேர்த்துவிட்டது நான். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நல்லது செய்தவள் நான். மேலாளரிடம் பேசி, சமையலறையில் தட்டுக் கழுவ இடம் வாங்கிக் கொடுத்தேன். அவள் அங்கேயே இருந்திருந்தால் இன்றைக்கு நமக்கு இந்தப் பேச்சே இல்லை.

எனக்கு ஒருநாள் காய்ச்சல். ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த கூட்டம் ஒன்று காட்டு நடைக்குக் காத்திருந்தது. அனுப்ப ஆள் இல்லாமல் மேலாளர் வாலுவை அனுப்பினார். மரத்தில் வேப்பமரம் தவிர வேறு எதையும் அடையாளம் தெரியாதவள். எங்கள் பூங்காவில் வேப்பமரம் கிடையாது. போனவள் என்ன செய்தாள் என்றால், தானாகப் பெயர் வைத்தாள். சவுக்கு மரம் அவளுக்குக் கிசுகிசு மரம். தாழம்புதர் முள்ளுக் குடித்தனம். தில்லை மரத்தின் முன்னால் நின்றுகொண்டு, "இது கோபக்கார மரம். கிள்ளினா அதோட பால் கண்ணைப் பறிச்சிடும். அதனால எல்லாரும் ஒரு வணக்கம் போட்டுட்டு, தள்ளி நின்னு வாங்க" என்றாளாம். நாற்பது பேர், சட்டையில் அடையாள அட்டை குத்தியவர்கள், ஒரு மரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கி நடந்தார்கள். காய்ச்சலோடு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காய்ச்சல் ஏறியது.

தில்லையின் பால் பட்டால் கண் எரியும், பார்வை தற்காலிகமாகப் போகும் என்று நான் பலகையில் எழுதியிருந்தேன். அது என்ன குடும்பத்தைச் சேர்ந்தது என்றுகூட எழுதியிருந்தேன். என்னுடைய நடையில் யாராவது ஒருவர் இலையைக் கிள்ளாமல் இருந்ததில்லை. அவளுடைய நடையில் யாரும் கிள்ளியதில்லை என்பார்கள். தற்செயல்.

அதன்பின் விருந்தினர்கள் அவளைத்தான் கேட்டார்கள். அந்தச் சிரிக்கிற பொண்ணு இல்லையா என்று என்னிடமே கேட்பார்கள். நான் சிரிக்காத பெண் என்பது அதில் அடக்கம். சமையல்கார அண்ணன், கிடைத்த கேரட்டை எல்லாம் அவளுக்குச் சீவிக் கொடுத்தார். மேலாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாக, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஒதவாதும்மா, தங்கச்சிகிட்ட கொஞ்சம் கத்துக்கோ" என்றார். நான்கு வருஷம் அந்தச் சுரைக்காயைப் படிக்க எங்கள் வீட்டில் என்னென்ன விற்றார்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார்.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுக் கழுவ வந்தவளைப் பார்த்துப் பட்டதாரி பொறாமைப்பட என்ன இருக்கிறது. எனக்கு இருந்தது தகவல் பற்றிய கவலை.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டு. எங்கள் பூங்காவில் அதற்குக் கட்டணம் உண்டு. அலுவலகங்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வளரவேண்டுமாம். வருஷம் முழுக்க ஒருவர் காலை ஒருவர் வாரிவிட்டுவிட்டு, ஒருநாள் இங்கே வந்து நம்பிக்கை வளர்ப்பார்கள். காட்டுப் பாதை நெடுக மரத்துக்கு மரம் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டுவோம். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு, வலது கையால் கயிற்றைத் தடவியபடி நடக்கவேண்டும். பேசக்கூடாது. கயிற்றில் முடிச்சுகள் இருக்கும். ஒரு முடிச்சு கையில் தட்டினால் காலடியில் வேரோ பள்ளமோ இருக்கிறது. இரண்டு முடிச்சு, வளைவு. மூன்று முடிச்சு, நில். மூன்று முடிச்சு விழுந்தால் அதோடு எல்லாம் நின்றுவிடும், கல்யாணத்தைப் போலத்தான் என்று சமையல்கார அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திடமும் சொல்வார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆண்கள் சிரிப்பார்கள்.

மூன்று முடிச்சு இருப்பது பாதையின் முடிவில், ஒரு புன்னை மரத்தில். அதன் கிளையில் மணி தொங்கும். நின்று, கையை நீட்டி, மணியை அடித்து, கட்டை அவிழ்த்தால் எதிரே கடல். அந்த இடத்தில் பலர் அழுவார்கள். வீட்டுக்கடன் நினைவு வந்திருக்கும்.

புன்னைக்கு அப்பால் கொஞ்சம் புல்வெளி, பிறகு விளிம்பு. எங்கள் காடு கடற்கரைக்கு இறங்குவதில்லை. செம்மண் மேடாக வந்து, கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும். கீழே பாறை. அலை அடியில் அரிக்க, மேலே மண் உதிரும். முன்பு விளிம்பில் ஒரு மரவேலி இருந்தது. அப்போது கயிறு அதுவரை போகும். போன மழையில் வேலி மண்ணோடு கீழே போய், ஒரு தூண் மட்டும் கொம்புபோல நின்றது. தச்சர் வருகிறேன் வருகிறேன் என்றார். அதுவரைக்கும் கயிறு புன்னையோடு முடியட்டும் என்று முடிவுசெய்தோம். அந்த யோசனையைச் சொன்னது நான்தான். பாதுகாப்பு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்லமுடியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. விருந்தினரை விடுமுன், பணியாளர் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றை நடந்து பார்க்கவேண்டும். இதற்கு முதல் நடை என்று பெயர். கட்டியவரே நடக்கக்கூடாது, கட்டியவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒருவர் கட்ட, இன்னொருவர் நடக்க. கட்டியவர் புன்னையடியில் நின்று காத்திருப்பார். அவர் வாயைத் திறக்கக்கூடாது, குரலைக் கேட்டால் நடக்கிறவர் கயிற்றை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். நல்ல விதி. நான் ஒருமுறையும் அதை மீறியதில்லை.

நான் கட்டுவேன், வாலு நடப்பாள். நடப்பாள் என்பது தப்பு. திருத்திக்கொள்ளுங்கள், ஓடுவாள். மற்றவர்கள் முதல் நடையில் ஆமை மாதிரி, காலால் மண்ணைத் துழாவி, மூக்கால் காற்றை முகர்ந்து வருவார்கள். இவள் கயிற்றில் விரல் உரச ஓட்டமாக வருவாள். ஒருமுறை கண்டித்தேன். கையை உதறிக்கொண்டு, "அக்கா கட்டுன கயிறு. இதுல என்னக்கா பாத்துப் பாத்து நடக்கறது" என்றாள். அலட்சியம். எதையும் தானாகச் சரிபார்க்கும் பழக்கமே கிடையாது.

நடவடிக்கைப் பொறுப்பாளர் என்று ஒரு பதவி காலியாக இருந்தது. நிரந்தர வேலை, தங்க ஒரு வீடு, சட்டைப் பையில் பெயர். அதற்குப் பட்டம் வேண்டும் என்று நான் வேலையில் சேரும்போது சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை சோப்பும் எடுத்துக் கொடுத்தேன். போன மாதம் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, பட்டம் முக்கியமில்லை, பக்குவம்தான் முக்கியம் என்று மேலிடத்தில் பேசிவிட்டதாகச் சொன்னார். பதவி வாலுவுக்கு. நான் அவளுக்கு உதவியாக முன்தயாரிப்பு வேலைகளைப் பார்க்கவேண்டும். முன்தயாரிப்பு என்றால் முளையும் கயிறும். வாலு வாயைப் பிளந்து நின்றுவிட்டு, "சார், அக்காதானே படிச்சது" என்றாள். அவர் சிரித்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றார். சொன்னேனே, பழமொழி தீராது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து என் பெயர்ப்பலகைகளை இறக்கினார்கள்.

விருந்தினர்கள் கேட்டுக்கொண்டார்களாம், வாலு வைத்த பெயர்களையே எழுதி மாட்டவேண்டும் என்று. என் பலகைகளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதச் சொன்னார் மேலாளர். பலகை மிச்சம். வாலு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, சிவப்பு வர்ணத்தில் எழுதினாள். கோபக்கார மறம். வல்லின ற போட்டு. அதை இரண்டு கையாலும் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்து, "தப்பு இருந்தா சொல்லுக்கா, நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். வர்ணம் அவள் மூக்கிலும் இருந்தது. நான் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். எல்லாப் பலகையையும் திருத்திக் கொடுத்தேன். என் எழுத்து மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அன்று சாயங்காலம் விளிம்புக்குப் போய், அந்தத் தூணை அசைத்துப் பார்த்தேன். பாதுகாப்புக்காகத்தான். கொஞ்சம் ஆடியது. கல் வைத்து இறுக்கினேன். கயிறு தொய்ந்தால் நடக்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், இன்னும் தப்பான தகவலுக்கு வரவில்லை.

மறுநாள் காலை கூட்டம் எதுவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அந்த நாளை எடுத்தேன். விருந்தினர் ஒருவருக்குச் சிராய்ப்புகூட ஆகக்கூடாது என்பதில் நான் கண்டிப்பானவள். வாலுவிடம் மழைக்குப் பிறகு பாதையை மாற்றிக் கட்டியிருக்கிறேன், ஒரு முதல் நடை பார்த்துவிடலாம் என்றேன். உடனே கிளம்பினாள். பொறுப்பாளர் ஆனபிறகும் நான் கூப்பிட்டால் வந்துவிடுவாள், அந்தக் குணம் மட்டும் மாறவில்லை. கறுப்புத் துணியைத் தானாகவே கட்டிக்கொண்டு, இறுக்கமாக இருக்கிறதா பார் என்று தலையைத் திருப்பினாள். ஒரு சுற்று கூட இறுக்கினேன்.

ஒற்றை முடிச்சுகள் எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். இரட்டை முடிச்சுகளும். ஒரு வேரைக்கூட நான் விடவில்லை. வேலையில் ஒழுங்கு வேண்டும். புன்னையில் மட்டும் மூன்று முடிச்சு போடவில்லை. கயிறு புன்னையில் முடியவும் இல்லை. அதைத் தொட்டுக்கொண்டு நேராகத் தூணுக்குப் போனது. தூணுக்கு வலப்பக்கம் மண் இருந்தது. இடப்பக்கம், அவள் வரப்போகிற பக்கம், காற்று.

வழக்கம்போல நான் புன்னையடியில் நின்றேன். முதலில் சத்தம்தான் வந்தது, உதிர்ந்த சவுக்கு இலையில் அவள் கால். பிறகு அவள். கறுப்புத் துணிக்குக் கீழே பல் தெரிந்தது. ஓடும்போது சிரிப்பது அவள் பழக்கம். நான் நிற்கிற வாசனை தெரிந்திருக்கும்போல, என் பக்கம் முகத்தைத் திருப்பி, விதிப்படி பேசக்கூடாது என்பதால் உதட்டை மட்டும் அக்கா என்று அசைத்தாள். அவள் பின்னல் என் தோளில் உரசிக்கொண்டு போனது. கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். வால் மாதிரித்தானே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கட்டியவர் நடக்கிறவரைத் தொடுவதும் எங்கள் விதியில் கிடையாது.

மெதுவாக நடக்கிற யாராக இருந்தாலும் புல் முடிவது காலுக்குத் தெரிந்திருக்கும். கடல்காற்று முகத்தில் அடிப்பது தெரிந்திருக்கும். நின்றிருப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் அவளை விழவைத்தது அவள் ஓட்டம்.

அவள் கத்தவில்லை. அதையும் நீங்கள் தப்பாக எழுதியிருக்கிறீர்கள், அலறல் கேட்டு நான் ஓடிப்போனதாக. நான் ஓடவில்லை. முதலில் கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்தேன். புன்னைக்குக் கொண்டுவந்து, இருக்கவேண்டிய இடத்தில் மூன்று முடிச்சு போட்டேன். ஈரக் கயிறு, கை வழுக்கியது. இரண்டாவது முடிச்சு சரியாக வரவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டேன். கீழேயிருந்து ஒருமுறை சத்தம் வந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, அலை. பிறகுதான் மணியை அடித்தேன். சமையல்கார அண்ணன் கரண்டியோடு ஓடிவந்தார். முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூணும் இருக்கே, மூணும் இருக்கே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கல்யாண நகைச்சுவையை அதன்பிறகு அவர் சொல்வதில்லை. ஒரு நன்மை.

இடுப்புக்குக் கீழே உணர்வு வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பக்கத்தில் இருந்துமா இப்படி ஆயிற்று என்று கேட்டாள். அம்மா வாழ்நாளில் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அது ஒன்றுதான். பதில் சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை.

பதவியை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், தற்காலிகமாக. பலகைகளைத் திருப்பி மாட்டிவிட்டேன். தில்லை இப்போது தில்லையாகத்தான் இருக்கிறது. போன வாரம் ஒருவர் இலையைக் கிள்ளி, அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்து, ஒருநாள் முழுக்கப் பார்வை இல்லாமல் கிடந்தார். பலகையைப் படிக்கவில்லை. என்ன செய்யமுடியும்.

இப்போது அந்தத் தப்பான தகவல்.

நீங்கள் மருத்துவமனையில் வாலுவிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கயிறு சரியாகத்தான் இருந்தது, மூன்று முடிச்சும் கையில் தட்டியது, நான்தான் எண்ணாமல் விளையாட்டாக ஓடிவிட்டேன், அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை. இதுதானே அவள் வாக்குமூலம். இதை வைத்துத்தானே வழக்கை மூடுகிறீர்கள்.

நேற்று நான் அவளைப் பார்க்கப் போனேன். அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். வாலு என் கையை எடுத்து, என் விரலை மூன்று முறை அழுத்தினாள். அழுத்திவிட்டு, "மூணு இருந்துச்சுக்கா. யார் கேட்டாலும் மூணுதான்" என்றாள்.

நான் இல்லை என்றேன். என்ன மூணு, ஒன்றுகூட இல்லை, நான் போடவே இல்லை என்று எடுத்துச் சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, தூண்வரை எப்படிக் கட்டினேன் என்றுகூடச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவின் செருப்புச் சத்தம் வந்தது. வாலு என் கையைப் போர்வைக்குள் இழுத்து மூடிக்கொண்டு, "கையில தட்டுனது எனக்குத்தானே தெரியும். நீ சும்மா இரு, அக்கா" என்றாள். அம்மா உள்ளே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, மருந்து அப்படி.

தலையில் அடிபட்டதில் குழம்பியிருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். யோசித்தால், அடிபடாமலேயே அவள் இப்படித்தான். சாக்கடையில் விழுந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு தகவலைச் சரியாகச் சொல்லமாட்டாள். நான்தான் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே வருகிறேன். அக்கா என்று பிறந்துவிட்டேன், வேறு என்ன செய்வது.

அதனால் அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள், மேடம். முடிச்சு எதுவும் இல்லை. அவள் எண்ணத் தவறவில்லை. எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கட்டியவள் நான், எனக்குத் தெரியாதா.

எழுதிவிட்டுச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். இன்றைக்குப் பூங்காவில் ஒரு கூட்டம் வருகிறது. கயிற்றை நானே கட்டிவிடுவேன். முதல் நடை நடக்கத்தான் ஒருவரும் முன்வருவதில்லை. என்ன காரணம் என்று தெரியவில்லை.